தங்கவயலில் கூதிரின் தூதுவர்

மேனாட்டு நூல்களில் இலையுதிர்காலம் என்னும் தொடரை அடிக்கடி காண்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செப்டம்பர் திங்கள் கழிந்ததும் மரங்களின் இலைகள் செம்மையும் பொன்மையும் பூண்டு உதிர்கின்றன. அந்நாட்டார் அதனைக் கண்டே பருவம் மாறியதை அறிகின்றனர். நம் தென்னாட்டிலோ அத்திங்கள்களில் மரங்கள் மழை பெற்றுத் தழைக்கின்றன. இங்கு இலை உதிர்வது பெரும்பாலும் பனிக்காலத்திலேயே. தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப் பெயர் பெற்றன. குளிர்ந்த வாடையும் விட்டுவிட்டுப் பெய்யும் தூறலும் உடைய காலம் அது. மேனாட்டு இலையுதிர்காலத்துக்கு நிகரான நம் பருவம் இதுவே எனலாம். இதன் வரவை நமக்கு முன்கூட்டி அறிவிக்கும் தூதுவர் யாவர்? காற்றையும் முகிலையும் அடுத்து, ஈசலும் தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் சுவர்க்கோழியுமாகிய சிற்றுயிர்களே அத்தூதுவர் ஆவர்.

இச்செய்தியை ஆராய்வதற்குக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் ஒன்றைக் காண்பது அரிது. பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர், பருவமே இல்லாத ஓரிடத்தில், அதாவது பூமியின் ஆழத்தில், நூற்றிருபது ஆண்டுகள் உழைத்த ஊர் அது. அத்தகையோர்க்கும் பருவத்தின் செய்தி எவ்வாறு எட்டியது என்பது வரலாற்றில் கவனிக்கத்தக்க வினாவாகும்.

முதற்கண் நம் முன்னோர் இச்சிற்றுயிர்களை எவ்வாறு நோக்கினர் என்பதைக் காண்போம். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுக்கிறது. அப்பகுப்பில் சிதல் என்னும் கறையானும் எறும்பும் மூவறிவு உயிர்கள். தும்பி நாலறிவு உயிர். கறையானையும் தும்பியையும் வேறு பிரித்து எண்ணிய மக்கள் அவற்றை நெடுங்காலம் உற்று நோக்கியவர்களாகவே இருத்தல் வேண்டும். புறநானூற்றின் 119-ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு நாட்டு வளத்தை நினைந்து வருந்துகிறார். கார்கால மழைக்குப்பின் செம்புற்றிலிருந்து வெளிப்படும் ஈயலை மோரில் இட்டுச் சமைத்த புளித்த உணவு அங்கே குறிக்கப்படுகிறது. ஈயல் என்பதே இன்றைய ஈசல். பறம்பின் செழிப்பை நினைவூட்டப் புலவர் தெரிந்தெடுத்த அடையாளங்களுள் ஒரு பூச்சியும் இடம் பெற்றிருத்தல் எண்ணத்தக்கது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுவதும் கூதிர்காலத்தைப் பின்னணியாகக் கொண்டது என்பதும் நேயர்கள் அறிந்ததே.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் மிகத் தொன்மையான பாடற்றொகுதியாகிய ஷிஜிங்கில், சுவர்க்கோழி திங்கள்தோறும் வயலிலிருந்து வீட்டை நெருங்கி வருவதைக் கொண்டு குளிரின் வரவு அளக்கப்படுகிறது. சீன மொழியில் அப்பூச்சிக்கு ‘நெசவை விரைவுபடுத்துவது’ எனப் பொருள்படும் பெயரும் உண்டு. அதன் குரல் கேட்டதும் குளிர்கால ஆடைகளை நெய்யத் தொடங்குக என்பது குறிப்பு. ஜப்பானில் இடோ காலத்தில் (1603–1868) பாடும் பூச்சிகளைச் சிறு கூண்டுகளில் இட்டுத் தெருக்களில் விற்றனர். அப்பூச்சிகளின் ஒலியே அந்நாட்டார்க்கு இலையுதிர்காலத்தின் இசையாக விளங்குகிறது.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்கும் பணி நடைபெற்றது. அப்பணியில் ஈடுபட்டிருந்த ஜான் வாரன் என்னும் இராணுவ அதிகாரி, 1802-இல் ஊரிகம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்ப்புறங்களில் மக்கள் மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். எழுபது ஆண்டுகளுக்குப்பின் அக்குறிப்பைப் படித்த லாவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் வேண்டி, 1875-இல் அதனைப் பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1894-இல் பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு இரயில் பாதை அமைந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். சாதிக் கொடுமையிலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் விடுபட வழி தேடியவர்கள்.

உழவுத் தொழிலாளி என்பவன் பருவத்தோடு பிணைந்தவன். விதைக்கும் நாளையும் அறுக்கும் நாளையும் அவன் காற்றிலும் மண்ணிலும் படிப்பான். தட்டான் தாழப் பறந்தால் மழை என்றும், எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறினால் மழை என்றும், அந்தியில் ஈசல் பறந்தால் அடைமழை என்றும் அவன் தன் முன்னோரிடம் கேட்டு வளர்ந்தவன். அத்தகையவன் சுரங்கத்துள் இறங்கியதும் அவனது பஞ்சாங்கம் முழுவதும் மாறிப்போயிற்று. கம்பெனியின் சங்கொலியே காலையும் மாலையும் ஆயிற்று. பூமிக்கு அடியில் ஆவணியும் இல்லை, ஐப்பசியும் இல்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்தது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. ஆண்டு முழுவதும் முதுவேனிலே ஆட்சி செய்த இடம் அது.

தரைக்கு மேலே கண்ட பருவமும் அவர்கள் விட்டு வந்த பருவத்தினின்று சற்று வேறுபட்டது. தங்கவயல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் உள்ளது. பாலாறு நந்தி மலையில் தோன்றி, கோலார் மேட்டுநிலத்தைக் கடந்தே வட ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது. எனவே குடியேறியவர்களுள் பலர் தம் ஊர் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றவர்கள் எனலாம். ஆறு ஒன்றேயாயினும் காலநிலை ஒன்றன்று. கோலார் மேட்டுநிலத்தில் செப்டம்பரும் அக்டோபருமே மழை மிகுந்த திங்கள்கள். நவம்பரில் அங்கே குளிர் நன்கு உறைக்கத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகையை அடைமழைக் காலமாக எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, அம்மேட்டுநிலத்தின் கூதிர் சற்று முந்தியே வந்து நின்றது. புதிய ஊரின் உண்மையான நாட்கணக்கை அவர்கள் அங்கிருந்த உயிர்களிடமே கற்க வேண்டியதாயிற்று.

அத்தூதுவருள் ஈசலை முதலிற் கூறலாம். புற்றுக்குள் சிறகு முளைத்த கறையான்கள் மழைக்காகக் காத்திருக்கின்றன. மண் நன்கு நனைந்து காற்றில் ஈரம் நிறைந்ததும், காவற்கறையான்கள் சூழப் புற்றின் வாயில்கள் திறக்கின்றன. ஆயிரக்கணக்கான ஈசல்கள் அந்திப்பொழுதில் ஒருங்கே எழுகின்றன. சிறிது நேரம் பறந்ததும் சிறகுகளை உதிர்த்து, இணை இணையாக மண்ணைத் தோண்டிப் புதிய குடி அமைக்கின்றன. நனைந்த மண் எளிதில் தோண்ட வரும். ஈரக்காற்றில் உடல் உலராது. ஆகவே ஈசலின் புறப்பாடு மண்ணின் ஈரத்தை அளந்தறிந்து செய்யப்படும் செயலேயாகும். கோலார்ச் செம்மண் நிலத்தில் புரட்டாசி மழைகளுக்குப்பின் ஈசல் எழுந்தால், நிலம் ஆழ நனைந்துவிட்டது என்பது அதன் பொருள். தமிழகத்துச் சிற்றூர்களில் ஈசலை வறுத்துப் பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. கபிலர் கண்ட உணவின் தொடர்ச்சி அது.

புற்றைப் பற்றிப் பேசுகையில் பொன்னைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத்சம்ஹிதையில், நிலத்தடி நீர் இருக்கும் இடத்துக்குப் புற்று ஓர் அடையாளமாகக் கூறப்படுகிறது. மகாபாரதத்தின் சபா பருவத்தில் எறும்புகள் தோண்டி எடுத்த பொன் பிபீலிகம் எனப்படுகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடசும் இந்தியாவில் பொன் தோண்டும் எறும்புகள் உண்டெனக் கதை எழுதினார். கதையில் மிகை உண்டு. ஆயினும் கறையான்கள் ஆழத்து மண்ணை மேலே கொணர்வதால், புற்று மண்ணைச் சோதித்துக் கீழே பொன் உள்ளதா என்று அறியலாம் என்பதை இக்காலத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மெய்ப்பித்துள்ளனர். மழையை அறிவிக்கும் அதே புற்று, தன் அடியில் உள்ளதையும் அறிவிக்கிறது.

இரண்டாம் தூதுவன் தட்டான். ஆவணி புரட்டாசியில் வயல்வெளிகளின் மேல் மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக மிதப்பதைத் தென்னாட்டார் அனைவரும் கண்டிருப்பர். இவ்வினத்தின் குஞ்சுகள் நீரில் வளர்வன. மழைநீர் தேங்கிய சிறு குட்டையிலேயே, ஆறேழு வாரங்களுக்குள் அவை வளர்ச்சி முற்றிச் சிறகு பெற்றுவிடும். ஏரிகளும் குட்டைகளும் மலிந்த கோலார் மாவட்டம் அவற்றுக்கு ஏற்ற தொட்டிலாகும். ஆனால் அவை அங்கேயே தங்கிவிடுவதில்லை. தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் நடுவில் இராஜஸ்தானிலிருந்து பின்வாங்கத் தொடங்கி, அக்டோபர் நடுவில் தென்னாட்டை விட்டு நீங்குகிறது; அதை அடுத்து வடகிழக்குக் காற்று எழுகிறது. தட்டான்களும் அக்காற்றோடு தெற்கே நகர்கின்றன.

இப்பயணத்தின் நீளத்தை உலகம் அறிந்தது அண்மையிலேதான். மாலைத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலறிஞர் பல்லாண்டுகள் குறிப்பெடுத்து, 2009-இல் தம் ஆய்வை வெளியிட்டார். தட்டான் குஞ்சு வளரத்தக்க நன்னீர் மாலைத்தீவில் அரிது. அவ்வாறிருந்தும் ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் அங்கே திரள்திரளாக வந்திறங்குகின்றன. அவை தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வருபவை என்றும், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை செல்பவை என்றும், பல தலைமுறைகளாகத் தொடரும் இச்சுற்றுப்பயணம் 14,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது என்றும் அவர் காட்டினார். ஒரு கிராமின் பாதி எடைகூட இல்லாத உயிர் இது. மாலைத்தீவு மக்களோ, எந்த ஆய்வுக்கும் முன்பே, தட்டானின் வரவை வடகிழக்குப் பருவக்காற்றின் முன்னறிவிப்பாகக் கொண்டிருந்தனர். சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தொழிலாளியின் தலைக்கு மேல் மிதந்த பூச்சியும் ஓர் இடம்பெயர்ந்த உயிரே என்பதை நாம் இன்று அறிகிறோம்.

மூன்றாம் தூதுவன் வண்ணத்துப்பூச்சி. கரிய சிறகில் நீலக் கீற்றுக்கள் உடைய இனங்களும், பழுப்புச் சிறகின் ஓரத்தில் வெண்புள்ளிகள் உடைய இனங்களும் ஆண்டுக்கு இருமுறை தென்னாட்டைக் குறுக்கே கடக்கின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன் அவை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வருகின்றன. வடகிழக்கு மழைக்கு முன் கிழக்கு மலைகளிலிருந்து மீண்டும் மேற்கே செல்கின்றன. கடுமழையையும் குளிரையும் தவிர்த்துத் தகுந்த இடம் தேடும் பயணம் இது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அவை ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கிப் பறப்பதைக் கண்டால், கூதிர் அண்மையில் உள்ளது என்று கொள்ளலாம்.

நான்காமவனாகிய சுவர்க்கோழியைக் கண்ணால் காண்பதைவிடச் செவியால் அறிவதே மிகுதி. 1897-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் டால்பியர், சுவர்க்கோழி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஒலிக்கிறது என்பதை எண்ணி வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று எழுதினார். பூச்சியின் உடல் தனக்கென நிலையான வெப்பம் உடையதன்று. சூழல் குளிர்ந்தால் அதன் தசையியக்கமும் தளரும். ஆகவே கார்த்திகை இரவுகளில் சுவர்க்கோழியின் குரல் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு ஒலிக்கும். வெப்பமானி வாங்க இயலாத குடிசைக்கும் இயற்கை அளித்த வெப்பமானி இது.

தங்கவயலின் வரலாற்றில் பூச்சிகளின் வரவுக்குப் புதிய மேடை ஒன்றும் அமைந்தது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உண்டாக்கிய மின்சாரம், 90 மைலுக்கும் மேற்பட்ட தொலைவு கம்பிவழியே தங்கவயலுக்கு வந்தது. உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்று அக்காலத்தில் அது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1905-இல்தான். மூங்கில் தட்டிகளால் ஆன தொழிலாளர் வீடுகளில் அகலும் மண்ணெண்ணெய் விளக்கும் நெடுங்காலம் நீடித்தன. ஆயினும் சுரங்க வாயில்களிலும் ஆலைகளிலும் எரிந்த மின்விளக்குகள், ஈசலையும் அந்துப்பூச்சியையும் தத்துப்பூச்சியையும் தம்மிடம் ஈர்த்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இரவு முறை முடித்து மேலே வந்தவர்க்கு, விளக்கடியில் உதிர்ந்து கிடந்த சிறகுகளே அன்று மாலை பெய்த மழையின் செய்தித்தாள் எனலாம்.

பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது? விளக்கின்மேல் ஆசை கொண்டு என்று கவிகள் கூறினர். நிலவை வழிகாட்டியாகக் கொள்ளும் பழக்கத்தால் ஏமாறுகிறது என்று பலர் எண்ணினர். 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு விளக்கம் தருகிறது. இருளிலும் வானமே ஒளி மிகுந்த பக்கமாதலால், பூச்சிகள் பறக்கையில் தம் முதுகை எப்பொழுதும் ஒளியின் பக்கம் திருப்புகின்றன. அருகில் ஒரு விளக்கு இருப்பின் அதனையே வானமெனக் கொண்டு முதுகைச் சாய்க்கின்றன. அதனால் அதனைச் சுற்றும் வட்டத்தில் சிக்கிக்கொள்கின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பஞ்சாங்கம் இருக்கையில் பூச்சியைப் பார்ப்பானேன்? இதற்கு விடை நம் நாட்காட்டியின் வரலாற்றில் உள்ளது. தமிழ்த் திங்கள்கள் விண்மீன்களை நிலைக்களமாகக் கொண்டு ஞாயிற்றின் இயக்கத்தால் கணிக்கப்படுவன. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று விலகுவதால், இக்கணக்கு ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் உண்மைப் பருவத்தினின்று நழுவுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன், பகலும் இரவும் சமமாகும் நாளில் ஐப்பசி பிறந்தது. அதனால்தான் அதற்குத் துலாம், அதாவது தராசு, என்னும் இராசி பொருந்துகிறது. இன்றோ அச்சமநாள் செப்டம்பர் 22 அல்லது 23-இல் நிகழ, ஐப்பசி அக்டோபர் 17 அல்லது 18-இல் பிறக்கிறது. இடையே நழுவியது 25 நாள். இக்குறையை உணர்ந்தே இந்திய அரசு 1952-இல் அறிவியலறிஞர் மேகநாத் சாகாவைத் தலைவராகக் கொண்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் ஆசுவினத் திங்கள் செப்டம்பர் 23-இல் தொடங்குகிறது. அறிஞர் குழு கூடித் திருத்த வேண்டியிருந்த இக்கணக்கைத் தட்டானும் ஈசலும் திருத்த வேண்டியதில்லை. அவை எண்ணைப் பார்ப்பதில்லை. காற்றையும் ஈரத்தையும் பார்த்து ஆண்டுதோறும் புதிதாகக் கணிக்கின்றன.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. நாம் ஐப்பசியை நாட்காட்டித் தாளில் உடன்கொண்டு செல்கிறோம். ஆனால் தில்லியின் ஐப்பசி பெரும்பாலும் மழையற்றது. பம்பாயில் அக்டோபர் புழுக்கமிக்க திங்கள். கல்கத்தாவில் வாழும் தமிழர், காளி பூசையை ஒட்டிய இரவுகளில் விளக்கருகே மொய்க்கும் சிறு பச்சைப் பூச்சியைக் கண்டிருப்பர். வங்காளியர் அதனைச் சியாமாபோக்கா என்பர். சியாமா என்பது காளியின் பெயர். நெல்லின் சாற்றை உறிஞ்சி வாழும் பச்சைத் தத்துப்பூச்சி அது. நெற்பயிர் முற்றும் பருவத்தில் அதன் தொகை பெருகி, விளக்கொளிக்குத் திரண்டு வருகிறது. நம் தீபாவளியும் அவர்களது காளி பூசையும் ஒரே அமாவாசையை ஒட்டியவை. அந்நாட்டுக் கூதிரை அறிய விரும்புவோர் அப்பூச்சியின் பெயரை அண்டை வீட்டாரிடம் கேட்டறிதல் வேண்டும். ஓர் ஊரின் பருவத்தை அறிந்தவனே அவ்வூர்க்கு உரியவன் ஆகிறான்.

தங்கவயல் தமிழர் அவ்வுரிமையை உழைப்பால் பெற்றனர். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நான்கு ஐந்து தலைமுறைகளாகச் சங்கொலிக்கு எழுந்த ஊரில் அவ்வொலி ஓய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் இன்று விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். சயனைடு மண்மேடுகள் குன்றுகளாக நிற்கின்றன. மழைபெற்ற புரட்டாசியில் தட்டான்கள் அக்குன்றுகளின் மேலும் பறக்கின்றன. கம்பெனியின் நாட்கணக்கு முடிந்துவிட்டது; பூச்சிகளின் நாட்கணக்கு முடியவில்லை.

ஆயினும் அதனைப் படிக்கத் தெரிந்தவர் தொகை குறைந்து வருகிறது. குட்டைகள் தூர்ந்த இடத்தில் தட்டான் பிறப்பதில்லை. புற்று இடித்து மனை கட்டிய இடத்தில் ஈசல் எழுவதில்லை. முதியோர் நெஞ்சில் உள்ள அறிவு எழுத்தில் ஏறாவிடில் அவர்களோடு மறைந்துபோகும். ஆகவே நேயர்கள் ஒன்று செய்யலாம். தங்கவயலோ, தமிழகத்துச் சிற்றூரோ, எங்கே பிறந்தவராயினும், தம் வீட்டு முதியவரிடம் எந்தப் பூச்சி எப்பொழுது வரும் என்று கேட்டு எழுதி வைக்கலாம். தாம் இன்று வாழும் ஊரில் முதல் தட்டான் கூட்டமும் முதல் ஈசலும் தோன்றிய நாளை ஆண்டுதோறும் ஓர் ஏட்டில் குறிக்கலாம். மாலைத்தீவில் ஒருவர் இடையறாது குறித்து வந்த நாட்களே, கடல் கடந்த ஒரு பெரும்பயணத்தை உலகுக்குக் காட்டின. நம் பிள்ளைகள் அவ்வேட்டைத் தொடர்வார்களாயின், பத்து ஆண்டுகளில் அது ஓர் ஊரின் வரலாறாகும். முப்பது ஆண்டுகளில் காற்றும் மழையும் மாறிய கதையை உண்மையாகக் கூறும் சான்றாகும்.